பாதையை உண்டு திசை காணும் உயிரணுக்கள்

கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல்நீரிலும் திரிகின்ற, சுண்டுவிரல் நீளங்கூட வளராத, உடல் நெடுகிலும் நீலவரிகள் ஓடுகின்ற ஸீப்ரா மீனை 1822-ஆம் ஆண்டில் பிரான்ஸிஸ் ஹாமில்டன் தமது நூலில் வருணித்தபோது, அந்த அற்பப் பிராணி பிற்காலத்தில் உலகத்து ஆராய்ச்சிசாலைகளிலெல்லாம் இடம்பெறும் என்று எவர்தாம் நினைத்திருக்க முடியும்? ஓரிகன் சர்வகலாசாலையில் ஜார்ஜ் ஸ்ட்ரைஸிங்கர் அதை வளர்த்து ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட முடிவுகளே அதற்கு அந்த யோகத்தைத் தந்தன. தாயின் உடலுக்கு வெளியே கருவுற்று, ஒளி ஊடுருவும்படி தெளிந்து, ஒரே நாளில் இருதயம் துடிக்கத் தொடங்கிவிடும் அதன் கருவை உயிரோடு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, உள்ளே நடப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்படிப் பார்த்தவர்களைப் பிரமிக்க வைத்த காட்சிகளுள் ஒன்று உயிரணுக்களின் யாத்திரை. மீனின் விலாவில், தலைமுதல் வால்வரை, நீரின் அசைவை உணரும் நுண்ணிய அவயவங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. இவற்றை அமைப்பதற்காக, கரு உண்டாகி இருபத்திரண்டு மணி நேரம் கழிந்த அளவில், காதுக்குப் பின்னே பிறந்த ஏறத்தாழ நூறு உயிரணுக்கள் ஒரே கூட்டமாகப் புறப்பட்டு, வழியில் ஐந்தாறு இடங்களில் தம்மிற் சிலவற்றை இறக்கி வைத்துவிட்டு, இரண்டாம் நாள் முடிவதற்குள் வால்நுனியை அடைகின்றன. ஊசி முன்னே செல்ல நூல் பின்னே வருவதுபோல, அவ்வவயவங்களின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லவேண்டிய நரம்பிழைகளும் இக்கூட்டத்தால் இழுக்கப்பட்டே வால்வரை நீளுகின்றன.

இக்கூட்டத்துக்கு வழி காட்டுவது எது? பிரான்ஸ் தேசத்தில் நிக்கோலா டேவிட், அலேன் கீஸன் முதலியோர் 2002-இல் விடை கண்டார்கள். விலாவின் நடுக்கோட்டில் உள்ள உயிரணுக்கள் எஸ்.டி.எஃப்.1 என்னும் புரதத்தைச் சுரந்து ரசாயனப் பாதை ஒன்றை விரித்திருக்கின்றன. யாத்திரை செய்யும் அணுக்களின் மேல் அதனைப் பற்றிக்கொள்ளும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வாங்கி இருக்கிறது. இரண்டில் எது பழுதுபட்டாலும் பயணம் குலைகிறது.

ஆயினும் ஒரு சந்தேகம் எஞ்சியது. அப்பாதை நெடுகிலும் புரதம் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருந்தால், வாலை நோக்கியே போகவேண்டும் என்று கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? ஜெர்மனியில் ஹைடெல்பர்க் நகரத்தில் ஹாஸ், கில்மோர் என்ற இருவர் 2006-இல் கண்டு சொன்ன விந்தை இந்தச் சந்தேகத்தைக் கூர்மையாக்கிற்று. பாதை இடையில் அறுந்துபோன மீன்களில் கூட்டம் திரும்பி, தலையை நோக்கி வந்தவழியே சளைக்காமல் நடந்ததாம்! திசை பாதையில் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. வாங்கி இல்லாத அணுக்கள் நிறைந்த கூட்டத்தில் நல்ல அணுக்கள் சிலவற்றைக் கலந்தபோதோ, அவை முன்னணிக்கு வந்து நின்று, தடம் அறியாத மற்றவற்றையும் இழுத்துச் சென்றன. என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது இந்தப் பரிசோதனைதான்.

2013-இல் கில்மோர் குழுவினரும், நியூயார்க்கில் ஹோல்கர் க்னௌட் என்பவரின் குழுவினரும் தனித்தனியே இரகசியத்தை வெளிப்படுத்தினார்கள். கூட்டத்தின் பின்பகுதியில் சி.எக்ஸ்.சி.ஆர்.7 என்ற வேறொரு வாங்கி இருக்கிறது. அதன் தொழில் புரதத்தைப் பிடித்து உள்ளே இழுத்து அழித்துவிடுவது. பின்னே புரதம் குறைய, முன்னே அது மிகுந்திருக்க, மிகுதியை நாடிக் கூட்டம் நகர்கிறது. நகர நகர ஏற்றத்தாழ்வும் கூடவே நகர்கிறது. தனக்கு வேண்டிய திசையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைவிட எளியதும் அழகியதுமான யுக்தியைக் காண்பது அரிது.

மூளைக்குள்ளேயும் பிரயாணங்கள் உண்டு. தாடையையும் செவுளையும் அசைக்கும் நரம்பணுக்கள் பின்மூளையின் நான்காம் கண்டத்திற் பிறந்து, ஆறு, ஏழாம் கண்டங்களுக்குக் குடிபெயர்கின்றன. அங்கேயும் எஸ்.டி.எஃப்.1 துணை செய்கிறது; ஆனால் அது மட்டும் போதாது. மிஸௌரியில் ஆனந்த் சந்திரசேகர் முதலியோர் ஆராய்ந்த மீன்வகை ஒன்றில், உயிரணுக்களுக்கு முன்பின் ஒழுங்கைத் தரும் வாங்-2 என்ற மரபணு கெட்டிருப்பதால், அந்த நரம்பணுக்கள் பிறந்த இடத்தைவிட்டுப் பெயர்வதே இல்லை. மனிதருடைய முக நரம்பு மூளைத்தண்டுக்குள் வளைந்து சுற்றி வருவதும் இத்தகைய குடிபெயர்ச்சி விட்டுச்சென்ற சுவடே.

பருவமடைதலைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்கள் மனிதக் கருவில் மூக்குப் பகுதியில் தோன்றி மூளைக்குள் பிரவேசிக்கின்றன. அவை வழியில் தங்கிவிட்டால் வாலிபம் வருவதில்லை. பெரும்பாலும் வாசனையும் தெரிவதில்லை. ஃபிரான்ஸ் கால்மன் 1944-இல் பரம்பரை நோயாக விவரித்த இந்த வியாதிக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று 1991-இல் அடையாளம் காணப்பட்டது. அதனால் உண்டாகும் அனாஸ்மின் என்ற புரதத்தின் மீன்வடிவத்தைக் கருவில் குறைத்தபோது, வாலை நோக்கிச் செல்லும் அந்த நூறு அணுக்களின் கூட்டமும் நடக்கத் தவறியதை 2008-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள்.