மாமர இலை கறுத்துப் போச்சா? மருந்துக்கு முன்னாடி ஈரத்துணியை எடுங்க!

தை பிறந்தால், கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர் பக்கம் மாமரங்கள் பூவும் பிஞ்சுமாக நிற்கும். கொல்லையில் ஒரே ஒரு பெங்களூரா மரம் வைத்திருப்பவருக்கும் அப்போது கண் முழுக்க மரத்தின் மேல்தான். அந்த நேரம் பார்த்து, ‘இலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிடுச்சே, என்ன மருந்து அடிக்கிறது?’ என்ற கவலை வரும்.

கொஞ்சம் பொறுங்க. ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்துப் பாருங்கள்.

கறுப்பு துணியோடு வந்து, அடியில் பச்சை தெரிந்தால் அது கரும்பூசணம். அது இலையைத் தின்பதில்லை. இலை மேல் படிந்து வெயிலை மறைக்கிறது. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கும் இனிப்பு நீரில்தான் அது வளர்கிறது. பூங்கொத்தைத் தட்டினால் சின்னப் பூச்சிகள் துள்ளுகிறதா? குற்றவாளி அதுதான். பூசணத்துக்கு மட்டும் மருந்தடித்தால், கறுப்பு மறுபடியும் வரும்.

துடைத்தும் போகாத கரும்பழுப்புப் புள்ளிகள், கருகும் பூக்கள் என்றால் ஆந்த்ராக்னோஸாக இருக்கலாம். காய்ந்த குச்சிகளை வெட்டி எரித்துவிடுங்கள். பூவில் வெள்ளை மாவு படிந்து பிஞ்சு கொட்டினால் சாம்பல் நோய். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளிக்கலாம்.

தத்துப்பூச்சிக்கு, பூங்கொத்து தலைகாட்டும்போதே லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். பூ விரிந்த பிறகு எதையும் அடிக்காமல் இருப்பது நல்லது. ஈயும் தேனீயும் வந்தால்தானே காய் பிடிக்கும்?

படிந்த கறுப்பை எடுக்க மைதாவே போதும். 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். பசை காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்து உதிரும்.

அடுத்த வருஷத்துக்கான வைத்தியம் அரிவாளில் இருக்கிறது. அடர்ந்த நிழல் தத்துப்பூச்சிக்குக் கொண்டாட்டம். அறுவடை முடிந்ததும் உள்கிளைகளைக் கழித்து, மரத்துக்குள் வெயில் விழச் செய்யுங்கள். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? நாலு இலையும் ஒரு பூங்கொத்தும் பறித்துக்கொண்டு, பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். மரத்தைப் பார்க்காமல் மருந்து வாங்காதீங்க!