50உம் 50உம் சேர்ந்தால் 96

தொடக்கக் கல்லூரி முதலாண்டில், 50 மில்லிலிட்டர் எத்தனாலுடன் 50 மில்லிலிட்டர் தண்ணீரைக் கலந்து அளக்கும் சோதனை ஒன்றைச் செய்தோம். அளவு உருளையில் திரவம் 96ஐச் சற்றுத் தாண்டி நின்றது. எங்கேயோ சிந்திவிட்டோம் என்று நினைத்தாள் தோழி. “பேசாமல் 100 என்று எழுதிவிடு,” என்றாள். நானும் எழுதிவிட்டேன். அறிக்கையைப் பார்த்த ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கலந்தவுடன் உருளையைத் தொட்டுப் பார்த்தீர்களா?”

தொட்டிருந்தால், அது வெதுவெதுப்பாக இருந்தது தெரிந்திருக்கும். எத்தனால், தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் நெருங்கி அமர்கின்றன; வெப்பம் வெளியேறுகிறது, கன அளவு சுருங்குகிறது. நான் எழுதிய 100, பாடநூல் சொல்லும் ‘நல்லியல்புக் கரைசலுக்கு’ உரிய விடை. என் கையில் இருந்ததோ வேறொரு கரைசல்.

நல்லியல்புக் கரைசல் என்றதும் நல்லியல்பு வாயுவை நினைத்து, ‘மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பே இல்லை’ என்று எழுதும் மாணவர்கள் நிறைய பேர். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். ஈர்ப்பே இல்லாவிட்டால் அது திரவமாக எப்படி இருக்கும்? இங்கு ஈர்ப்பு உண்டு, வலுவாகவே உண்டு. ஆனால், பக்கத்தில் இருப்பது தன் இனமா வேற்றினமா என்பதால் அந்த ஈர்ப்பு மாறுவதில்லை. பென்சீனும் டொலுவீனும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டுக்கும் ஒரே வளையம். டொலுவீனில் ஒரு மெத்தில் தொகுதி கூடுதல், அவ்வளவே. இவற்றைக் கலந்தால் வெப்பமாற்றமோ கன அளவு மாற்றமோ ஏறக்குறைய இல்லை.

அப்படியானால் அவை ஏன் கலக்கின்றன? ஆற்றலில் லாபம் ஏதுமில்லையே!

ரயில் பெட்டியில் 20 இருக்கைகள். சிவப்புச் சட்டையினர் 10 பேர், நீலச் சட்டையினர் 10 பேர். நிறத்தை மட்டும் பார்த்தால், அவர்கள் அமரக்கூடிய விதங்கள் 184,756. சிவப்பெல்லாம் ஒரு பாதியில், நீலமெல்லாம் மறுபாதியில் என்று பிரிந்திருப்பது அவற்றில் இரண்டே விதம். யாரும் யாரையும் விரும்பவோ வெறுக்கவோ வேண்டாம். இஷ்டப்படி இடம் மாறினாலே கலந்துவிடுவார்கள். போல்ட்ஸ்மன் இந்த எண்ணிக்கையைத்தான் என்ட்ரோபியுடன் இணைத்தார். வியன்னாவில் அவரது கல்லறையில் அந்தச் சமன்பாடே பொறிக்கப்பட்டுள்ளது.

இரு திரவங்களிலும் அரை மோல் வீதம் எடுத்துக் கலந்தால், என்ட்ரோபி 5.76 ஜூல்/கெல்வின் உயரும். எந்த இரு திரவங்களாக இருந்தாலும், கலவை நல்லியல்புடையது என்றால் இதே எண்தான். எனக்கு இதை நம்பவே ஒரு வாரம் பிடித்தது.

ஆவி அழுத்தத்திலும் இதே தர்க்கம். கலவையின் மேற்பரப்பில் பாதி இடம்தான் பென்சீனுக்கு என்றால், தப்பிச் செல்வதும் பாதிதான். பிரெஞ்சு வேதியியலாளர் ரௌல்ட் 1880களில் அளந்து கண்ட விதியின் சாரம் இது. 25 டிகிரி செல்சியஸில் தூய பென்சீனின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 95 மி.மீ. பாதரசம், டொலுவீனுக்கு 28. சம மோல் கலவையில் அவை முறையே 47.5, 14 ஆகின்றன. அதாவது திரவத்தில் 50 விழுக்காடாக இருந்த பென்சீன், ஆவியில் 77 விழுக்காடு! அந்த ஆவியைக் குளிர்வித்து மீண்டும் ஆவியாக்கினால் 92 விழுக்காட்டை எட்டும். ஜூரோங் தீவில் உயர்ந்து நிற்கும் வடிகோபுரங்களுக்குள், தட்டுத் தட்டாக நடப்பது இந்தக் கணக்குதான்.

எத்தனாலையும் தண்ணீரையும் இப்படி முழுதாகப் பிரிக்க முடியாது. சாதாரண அழுத்தத்தில் எத்தனை முறை வடித்தாலும், எத்தனால் எடையில் ஏறக்குறைய 95.6 விழுக்காட்டோடு நின்றுவிடும். அந்த நிலையில் திரவத்திலும் ஆவியிலும் ஒரே விகிதம். அதற்குமேல் போக வேறு வழி தேட வேண்டும்.

ஆசிரியர் எங்களைச் சோதனையை மறுபடி செய்யச் சொன்னார். இம்முறை தோழிதான் உருளையைப் பிடித்திருந்தாள். “சூடா இருக்குடி!” என்றாள். 100ஐ அடித்துவிட்டு 96.4 என்று எழுதினேன்.