அடைத்த பல் மறுபடி சொத்தையாவது ஏன்?

பாதரசம் கலந்த பல் அடைப்பை, அதாவது வெள்ளி அடைப்பை, 2034-ஆம் ஆண்டுக்குள் நிறுத்திவிடுவதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2025 நவம்பரில் ஜெனிவாவில் முடிவெடுத்தன. 2018-லேயே உடன்படிக்கையை ஏற்றுவிட்ட இந்தியாவும் அந்த நாடுகளில் ஒன்று. செய்தி வந்ததிலிருந்து ராயபுரம் முதல் எண்ணூர் வரை வாசகர்கள் எழுதும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பல வருடமாக வாயில் இருக்கும் வெள்ளி அடைப்பை எடுத்துவிட வேண்டுமா? எடுத்துவிட்டுப் போட்ட வெள்ளை அடைப்பு இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லையே, ஏன்?

முதல் கேள்விக்குப் பதில்: எடுக்க வேண்டாம். கெடு இனி வைக்கப்போகும் அடைப்புக்கு. ஏற்கெனவே வாயில் இருப்பதைத் தோண்டி எடுக்க உடன்படிக்கை சொல்லவில்லை. நல்ல நிலையில் உள்ள வெள்ளி அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாமல் அகற்ற வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் அறிவுறுத்தியது. அடைப்பைக் குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். கூடவே நல்ல பல்லிலும் கொஞ்சம் போகும். "விஷத்தை எடுத்துவிடலாம்" என்று யாராவது அழைத்தால், எந்த எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் இடம் வேண்டும். அடைப்பு எதனால் ஆனதாக இருந்தாலும், அது கெடத் தொடங்கும் இடம் பெரும்பாலும் விளிம்பு. பல்லும் அடைப்பும் சந்திக்கும் கோடு.

வெள்ளி அடைப்பு பல்லோடு ஒட்டுவதே இல்லை. எடையில் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. குழியை உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் குடைந்து, அதில் இடித்து இறுக்குவார்கள். வைத்த அன்று அதற்கும் பல்லுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறது. அதில் எச்சில் இறங்குகிறது, உலோகம் அரிக்கிறது. அந்த அரிப்பில் உண்டாகும் வெள்ளீய, செம்புச் சேர்மங்கள் அங்கேயே படிந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இடைவெளியை அடைத்துவிடுகின்றன. காசிமேட்டில் படகின் இரும்பைத் தின்கிற உப்பரிப்பு, பல்லுக்குள் ஓட்டையை மூடுகிற வேலையைச் செய்கிறது. 1960-களில் வந்த, செம்பு கூடுதலான கலவை வலுவானது, அரிப்பும் குறைவு. ஆகவே அது மூட அதிக காலம் எடுத்துக்கொள்கிறது, ஆனாலும் மூடுகிறது. அவசரத்தில், ஈரம் வற்றாத வாயில் வைத்தாலும் தன் குறையைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும் பொருள் இது. பல் மருத்துவத்தில் இதைவிட என்னை வியக்கவைத்தது வேறில்லை.

வெள்ளை அடைப்புக்கு, அதாவது காம்போசிட்டுக்கு, இந்தக் குணம் கிடையாது. அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் ஒட்டும் என்று அமெரிக்கரான மைக்கேல் புவோனகோர் 1955-ல் காட்டியதில் தொடங்கிய முறை அது. பிசின் மீது நீல ஒளி அடித்துக் கெட்டியாக்குகிறார்கள். (பலர் "லேசர் பில்லிங்" என்று சொல்லிக் காசு வாங்குவது இதைத்தான்; அது லேசர் அல்ல, எல்.இ.டி. விளக்கு.) கெட்டியாகும்போது பிசின் கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்குகிறது. சுற்றிலும் ஒட்டியிருக்கும் பொருள் சுருங்கினால் ஏதாவது ஒரு சுவரை விட்டுப் பிரிய வேண்டும். இரண்டு பற்களுக்கு நடுவே அடைத்திருந்தால், பெரும்பாலும் பிரிவது ஈறோரத்து அடிச்சுவர். அங்கே எனாமல் மெலிந்து முடிகிறது, ஈறின் ஈரமும் ரத்தமும் அங்கேதான், விளக்கின் ஒளியும் அங்கே மங்கலாகத்தான் போய்ச் சேருகிறது. வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் தடிமனில் அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் ஒளி அடிக்க வேண்டும். ஒரே மொத்தையாக வைத்து அடித்தால் மேலே கல்லாகவும் அடியில் பச்சையாகவும் இருக்கும். நாற்காலியில் படுத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஒட்டிய இடமும் நிலைப்பதில்லை. எனாமலுக்கு அடியில் உள்ள திசுவில் பிசின் ஊறாமல் விட்ட புரத நார்களைப் பல்லுக்குள்ளேயே இருக்கும் நொதிகள் கரைக்கின்றன. எச்சிலிலும் சொத்தைக் கிருமியிலும் உள்ள நொதிகள் பிசினையே அறுக்கின்றன. கடைவாய்ப் பல்லில் காம்போசிட் பழுதாகும் வாய்ப்பு வெள்ளி அடைப்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2014-ல் கணித்தது. 2021 புதுப்பிப்பிலும் அதே முடிவு. சான்றின் தரம் குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் எதிர்த்திசையில் காட்டும் வலுவான சான்றும் இல்லை.

ஆகவே "மாற்றுப் பொருட்கள் இருக்கின்றன" என்ற வாதத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. பொருள் இருக்கிறது. அதற்கு வேண்டிய உலர்ந்த வாயும், கூடுதல் நேரமும், எச்சிலைத் தடுக்கும் ரப்பர் டாம் என்ற உறையும், ஒளி குறையாமல் பராமரித்த விளக்கும் எல்லா இடத்திலும் இருக்கின்றனவா? வரிசை வெளிவாசல் வரை நிற்கும் அரசு மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? குறைபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் பொருளை எடுத்துவிட்டு, பொறுக்காத பொருளைக் கொடுக்கிறோம் என்றால், நிமிடங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை யாரும் போட்டு நான் பார்க்கவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் எரியும் நிலக்கரியிலிருந்தும் பாதரசம் காற்றில் கலக்கிறது. அதே உடன்படிக்கை அனல்மின் நிலையங்களைக் கட்டுப்படுத்தச் சொல்கிறதே தவிர, நிறுத்தும் ஆண்டு எதையும் குறிக்கவில்லை. பல்லுக்கு ஆண்டு குறித்தவர்கள் புகைபோக்கிக்குக் குறிக்காதது எண்ணூர்க்காரர்களுக்கு நியாயமாகப் படாது.

பழியை எல்லாம் மருத்துவர் மேல் போடவும் முடியாது. துறைமுகத்துக்குள் நுழைய இரவெல்லாம் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் டிரெய்லர் ஓட்டுநர் தூக்கம் வராமலிருக்கச் சர்க்கரை போட்ட டீயாகக் குடிக்கிறார். ஒவ்வொரு டீக்குப் பிறகும் பல்மேல் படிவு அமிலமாகிறது, அது பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த டீ. விளிம்பில் கீறல் இருந்தால் சொத்தை அங்கேதான் திரும்பும். 2013-லிருந்து தடையில் இருந்தும் கிடைக்கிற ஹான்ஸ், மாவா வேறு: மாவாவில் உள்ள பாக்கின் கடினம் பல்லைத் தேய்க்கிறது, அடைப்பின் ஓரத்தை உடைக்கிறது. நாளடைவில் வாய் திறப்பதே குறைந்துபோனால், மருத்துவர் நினைத்தாலும் கடைசிப் பல்லில் ஒழுங்காக அடைக்க முடியாது. பேட்டரி சார்ஜ் செய்யும் இடத்திலும் உலோகத்தை அமிலத்தில் கழுவும் பட்டறையிலும் வேலை செய்பவர்களுக்கு முன்பல் கரையும். அடைப்பு கரையாமல் பல் மட்டும் கரைவதால், அடைப்பு மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கண்டால் பல்லை மட்டுமல்ல, வேலையிடத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பழுதின் காரணத்தை அது காட்டும் விதத்திலேயே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். அடைத்த அன்றே கடித்தால் வலிக்கிறது என்றால் அடைப்பு உயரமாக இருக்கிறது. நிறத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி இரண்டு நிமிடத்தில் தேய்த்துவிடுவார்கள், பொறுத்துப் போக வேண்டியதில்லை. கடிக்கும்போது சும்மா இருந்து, கடியை விடும்போது சுருக்கென்றால் பல்லில் விரிசல் என்று சந்தேகிக்கலாம். சில வாரத்துக்குள் அடைப்பு முழுசாகக் கழன்று வந்தால் ஒட்டும்போது ஈரம் புகுந்திருக்கிறது. துண்டாக உடைந்து வந்தால் மெல்லியதாக வைத்தது, அல்லது கடியின் பாரம். அடைத்த பிறகு புதிதாக இடுக்கில் சோறும் மீன் நாரும் மாட்டுகிறது என்றால் இரண்டு பல்லும் தொட்டுக்கொள்ளும் இடம் சரியாக அமையவில்லை. இதை அலட்சியம் செய்தால் ஈறோரத்தில் சொத்தை வரும், வலி தெரியும்போது வேர்வரை போயிருக்கும். ஈறோரப் பள்ளத்தில் அடைத்தது திரும்பத் திரும்ப விழுந்தால் பிரஷ்ஷையும் பல்பொடியையும் பாருங்கள்.

வலி நின்றதும் பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு: கிராம்பு மணத்தோடு வைத்தது தற்காலிக அடைப்பு. சில வாரத்துக்கென்று வைத்ததை ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு "பில்லிங் விழுந்துவிட்டது" என்று வருகிறார்கள். விழத்தான் செய்யும்.

மற்ற கேள்விகள்.

அடைப்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு: சொத்தைதானா? கறையாகவும் இருக்கலாம், பல்லைச் சோதித்து, எக்ஸ்ரே பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள்.

ஓரம் மட்டும் போயிருந்தால் முழுவதும் மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் அந்த ஓரத்தைச் செப்பனிட்டால் போதும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி பெரிதாகும்.

"சிமெண்ட்" அடைப்பு பரவாயில்லையா? ஈரத்தைத் தாங்கும், ஃபுளோரைடு விடும், குழந்தைப் பல்லுக்கும் ஈறோரத்துக்கும் நல்லது. இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே தாங்காது.

குழந்தைக்கு வெள்ளி? 2022-லேயே 15 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும், மருத்துவர் அவசியம் என்று கருதினாலன்றி, வேண்டாம் என்று உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்துவிட்டன.

வாரண்டி அட்டை தருகிறார்களே? எந்த அடைப்பும் ஆயுளுக்கு அல்ல. அட்டையைவிட, ரப்பர் டாம் போடுவார்களா என்று கேட்பது பயன்.

அடைத்த பின் குளிர்ச்சிக்குக் கூசுகிறது? நாளுக்கு நாள் குறைந்தால் காத்திருக்கலாம்.

சூடு பட்டபின் வலி நிற்காமல் இழுக்கிறது, ராத்திரி எழுப்புகிறது? அடைப்பின் பிரச்சினையைத் தாண்டிவிட்டது, வேர் சிகிச்சை தேவைப்படலாம்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால்? அன்றைக்கே போங்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவமனைக்கோ.