மின்கலத் தெளிப்பான்: பழுதும் பாதுகாப்பும்

2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தோரில் சுமார் 20 பேர் நச்சேறி மாண்டனர். தெளிப்பானின் கசிவும் அடைப்பும் நஞ்சு உடலில் படும் வழிகளாதலின், அவற்றை நீக்கும் முறையை அறிதல் இன்றியமையாதது.

பழுது பார்க்குமுன் மின் இணைப்பை நீக்கி, தொட்டியைக் காலி செய்து அலசி, கையுறை அணிதல் வேண்டும். மோட்டார் ஓடவில்லையெனில் ஃபியூஸையும் கம்பி இணைப்புகளையும், பின்னர் மின்கலத்தையும் சோதிக்க வேண்டும். 12 வோல்ட் ஈய மின்கலம் முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழிறங்கினால் மின்னேற்றம் தேவை. மோட்டார் ஓடியும் மருந்து வராவிடில் வடிகட்டியிலோ நாசிலிலோ அடைப்பு இருக்கலாம். நாசிலை வாயால் ஊதுதல் கூடாது. நீரில் இட்டு மென்மையான தூரிகையால் துலக்க வேண்டும். தேய்ந்த வாஷரை உடனே மாற்றுதல் நலம்.

இறுதியாக, வெறும் நீரை நிரப்பி இயக்கி, கசிவில்லை எனக் கண்ட பின்னரே மருந்து கலக்க வேண்டும்.