ரஷோமொன்: குறுவாளும் குழந்தையும்

யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா 1950ஆம் ஆண்டில் உருவாக்கிய 'ரஷோமொன்' திரைப்படத்தைப் பார்த்து முடித்தோர் வழக்கமாக எழுப்பும் வினா ஒன்றுண்டு: கொன்றவர் யார்? படம் விளங்கவில்லை என்று முதலில் முறையிட்டவர்கள் இரசிகர்கள் அல்லர். படப்பிடிப்புத் தொடங்குமுன்னரே உதவி நெறியாளர் மூவர் குரோசாவாவிடம் சென்று, கதை தமக்குப் புரியவில்லை என்றனர். தம்மைப் பற்றித் தமக்கே உண்மை பேச மாட்டாத மனிதரின் கதை இது என அவர் விளக்கினார். இருவர் ஒருவாறு அமைதியடைந்தனர். மூன்றாமவரோ கோபம் தணியாமலே திரும்பினார். இதனைக் குரோசாவாவே தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அம் மூன்றாமவரின் வழித்தோன்றல்கள் இன்றும் உளர். அவர்களை நொந்து பயனில்லை.

கதை சிறிது. காட்டு வழியிலே ஒரு கள்வன், சாமுராய் வீரன் ஒருவனைக் கட்டிவைத்து அவன் மனைவியின் கற்பைச் சூறையாடுகிறான். பின்னர் வீரன் இறந்து கிடக்கிறான். நேர்நின்று பொருதிக் கொன்றேன் என்கிறான் கள்வன். கணவனின் இகழ்ச்சிப் பார்வையைத் தாங்காது நினைவிழந்தேன், விழித்தபோது என் குறுவாள் அவர் மார்பில் இருந்தது என்கிறாள் மனைவி. ஆவியேறிப் பேசும் மாதொருத்தியின் வாய்வழி வந்த கணவனோ, அக் குறுவாளால் என்னை நானே மாய்த்துக்கொண்டேன் என்கிறான்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். குற்றவாளிகள் பொய் சொல்வது பழியைப் பிறர்மேற் போடுவதற்கு அன்றோ? இம் மூவரும் கொலைப் பழியைத் தம்மேலேயே ஏற்றுக்கொள்கின்றனர்! அவர்கள் தப்ப விரும்புவது தண்டனையிலிருந்து அன்று, இழிவிலிருந்து. கள்வனுக்குத் தன் வீரமும், மனைவிக்குத் தன் மானமும், கணவனுக்குத் தன் குலப்பெருமையும் காக்கப்பட வேண்டும். நீதிபதியைப் படம் ஒருமுறையேனும் காட்டுவதில்லை. அவர் குரலும் கேட்பதில்லை. சாட்சிகள் நம்மை நோக்கியே பேசுகின்றனர்.

எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) படத்தை இதனோடு ஒப்பிடுவது நம்மவர் வழக்கம். அங்கும் ஒரு மரணத்தைப் பலர் பலவாறு கூறுவர்; ஆயினும் முடிவிலே உண்மை வெளிப்பட்டுவிடும். குரோசாவா அந்த ஆறுதலைத் தரவில்லை.

நான்காவது சாட்சியான விறகுவெட்டியை மெய்யுரைப்பவனாகக் கொள்வோர் பலர். மழைக்கு ஒதுங்கிய பாழடைந்த ரஷோமொன் வாயிலில், துறவி ஒருவரிடமும் வழிப்போக்கன் ஒருவனிடமும் அவன் இரண்டாம் முறை கதையைச் சொல்கிறான். நீதிமன்றில் பிணத்தைக் கண்டதாக மட்டும் கூறியவன், இங்கே எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்கிறான். அவன் கூற்றில் இருவரும் கைநடுங்கச் சண்டையிடுகின்றனர், கொல்வது வாள். அப்படியாயின், முத்துப் பதித்த அக் குறுவாள் எங்கே? வழிப்போக்கன் சிரித்துக்கொண்டே இதனைக் கேட்கும்போது விறகுவெட்டி வாய் திறப்பதில்லை. அதனைத் திருடியவன் அவனே என்பதை அம் மௌனம் உணர்த்திவிடுகிறது.

இந்நிலையில்தான் கைவிடப்பட்ட குழந்தையொன்றின் அழுகுரல் கேட்கிறது. கதைக்குப் புறம்பாக ஒட்டப்பட்ட மிகையுணர்ச்சி முடிவு இது என்று குறை கூறிய விமர்சகர்கள் உளர். குழந்தையின் வரவுக்குக் கதையில் முன்னாயத்தம் இல்லை என்பது மெய்தான். மூலமான அக்குதாகவாவின் கதைகளிலும் இக் குழந்தை இல்லை. கொலைக்கதை அவருடைய 1922ஆம் ஆண்டுச் சிறுகதையிலிருந்து வந்தது. வாயிலும் பெயரும் 1915ஆம் ஆண்டின் 'ரஷோமொன்' கதையிலிருந்து வந்தவை. பின்னதில், வேலையிழந்த பணியாள் ஒருவன் கிழவியின் உடையைப் பறித்துக்கொண்டு இருளில் மறைவான். படத்தில் வழிப்போக்கன் குழந்தையின் போர்வையைப் பறித்துச் செல்கிறான். அக்குதாகவா நிறுத்திய இடத்திலே குரோசாவா நிறுத்தியிருப்பின், அந்த வழிப்போக்கனின் கொள்கையே படத்தின் கொள்கையாகியிருக்கும்.

விறகுவெட்டி குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். எஞ்சியுள்ள துணியையும் உரியப் போகிறானோ என்று துறவி பின்வாங்குகிறார். ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் இருக்கின்றனர், ஏழாவதால் சுமை பெரிதும் கூடிவிடாது என்கிறான் அவன். குறுவாளைத் திருடிய கைக்கும் குழந்தையை ஏற்கும் கைக்கும் காரணம் ஒன்றே, அந்த ஆறு பிள்ளைகள், என்றே எமக்குத் தோன்றுகிறது. படம் இதனை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையைக் கேட்டபின் திருட்டை முன்போல் நோக்க நம்மால் முடிவதில்லை. இவன் பொய்யன் என்பது துறவிக்குத் தெரியும். ஆறு பிள்ளைகள் உண்டென்பதற்கும் அவன் சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. அவ்வாறிருந்தும் குழந்தையைக் கொடுக்கிறார். படம் முழுவதிலும் வழங்கப்படும் தீர்ப்பு இது ஒன்றே.

1951ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது பெற்ற இப்படத்தின் பெயர், இன்று முரண்படும் சாட்சியங்களைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகிவிட்டது. அவ் வழக்கிலே குழந்தைக்கு இடமில்லை. படத்திலோ மழை ஓய்கிறது; துறவியை வணங்கிவிட்டு விறகுவெட்டி குழந்தையுடன் வாயிலைக் கடந்து செல்கிறான். குறுவாள் என்னவாயிற்று என்பதை அவன் அப்போதும் சொல்லவில்லை.