மின்பாதையும் நமது நிலமும்

நமது தறிகளுக்கும் பம்பு செட்டுகளுக்கும் மின்சாரம் தடையின்றி வர, உயர் அழுத்தக் கோபுரங்கள் எழ வேண்டும். அவற்றுக்கான வழி கிடைப்பதில் தாமதம் ஏன்?

கோபுரத்திற்காக நிலம் விலைக்கு எடுக்கப்படுவதில்லை. உரிமை உழவரிடமே நிற்கிறது. ஆயினும் அடிநிலம் உழவுக்குத் தடையாகும். கம்பிகளின் கீழ் வீடு கட்டலாகாது. இந்நஷ்டத்திற்குத் தக்க ஈடு இல்லாதவிடத்து வழக்கெழுந்து வேலை நிற்கிறது.

இதற்குப் பரிகாரமாக மத்திய மின்துறை அமைச்சகம், 2015-இல் நிலமதிப்பில் 85 சதவிகிதமாக இருந்த அடிநில நஷ்டஈட்டை 2024-இல் 200 சதவிகிதமாக்கியது; கம்பிப்பாதைக்கு உச்சமாக இருந்த 15 சதவிகிதத்தை 30 ஆக்கியது. எனினும் இவை வழிகாட்டு நெறிகளே; மாநிலங்கள் ஏற்றால்தான் பலன் கிட்டும்.

ஆதலின் அங்கத்தினர்கள், பாதை குறிக்கப்படும்போதே விவரமறிந்து, சங்கத்தின் வாயிலாக ஒன்றுகூடிப் பேசுவது நலம். நியாயமான ஈடே விரைவுக்கு வழி என்பது நமது துணிபு.