பல் வலிக்கும் முன்னே

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

"ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பல் துலக்கும் வழக்கத்தை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியதில்லை. ஆனால் துலக்கிய பல்லை அறிந்தவர் ஒருவரிடம் காட்டிச் சோதித்துக் கொள்ளும் வழக்கம் மட்டும் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. வலி வந்தால் கிராம்பு. வலி மிகுந்தால் மாத்திரை. அதற்கும் கேளாவிட்டால் பிடுங்குதல். எங்கள் வீட்டில் பல் மருத்துவம் என்பது நெடுங்காலமாக இம்மூன்றுதான்.

நான் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியைச் சேர்ந்தவன். எங்கள் ஊர் விசைத்தறிகளில் ஓடுவது மருத்துவமனைகளுக்குச் செல்லும் பாண்டேஜ் துணியும் காஸ் துணியுமே. பல்லைப் பிடுங்கியதும் மருத்துவர் மடித்து வைத்துக் கடிக்கச் சொல்கிறாரே, அந்தத் துணிதான். என் தந்தையார் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைத்தான் நெய்து வருகிறார். ஊரார் வாய்க்கெல்லாம் துணி நெய்து அனுப்பும் எங்கள் வீட்டில் பல் மருத்துவரைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அந்தத் துணி முதன்முதலாக வந்து சேர்ந்தது என் வாய்க்குள்தான். அப்போது எனக்கு வயது பதினேழு. பிளஸ் டூ தேர்வுக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

கன்னம் வீங்கி, இரவெல்லாம் தூங்காமல், காலையில் போய் நின்றேன். "எத்தனை நாளாக வலி?" என்று மருத்துவர் கேட்டார். "மூன்று நாளாக" என்றேன். "வலிதான் தம்பி மூன்று நாள். சொத்தை நாலைந்து வருடமாக இருக்கிறது" என்றார். அது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். ஏறத்தாழ ஆறு வயதில் முளைப்பது. எந்தப் பால் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் தானாக எழும்பி வருவதால், பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சிறு வயதில் அதில் கரும்புள்ளி தெரிந்தபோது, "விழுந்து வேறு முளைக்கும்" என்றுதான் என் தாயாரும் சொன்னார். அது விழுந்து முளைக்கும் பல் அன்று. போனது போனதுதான்.

நாலைந்து ஆண்டுகளாக அரித்த ஒன்று ஏன் வலிக்கவில்லை? இக்கேள்விக்கான விடையை இக்கல்லூரிக்கு வந்து வேதியியல் படித்த பின்னரே தெளிவாக உணர்ந்தேன். ஆதலால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பல்லின் வெளிப்பூச்சாகிய எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சில் அயனியும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகமே அது. அதில் நரம்பு கிடையாது. உயிருள்ள செல்லும் கிடையாது. எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்து விடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் குழி விழுந்தால் அது மீண்டும் வளராது, குழி விழுவதைச் சொல்ல நரம்பும் இல்லை. அரிப்பு அதற்கு உள்ளேயுள்ள டென்டின் அடுக்கை எட்டினால்தான் பல் கூசத் தொடங்கும். நடுவிலுள்ள கூழ்ப்பகுதியை எட்டினால்தான் உயிர் போகும் வலி. ஆகவே வலி என்பது நோயின் தொடக்கம் அன்று, ஏறக்குறைய அதன் இறுதி அத்தியாயம்.

அரிப்பு எங்ஙனம் நிகழ்கிறது? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய நுண்ணுயிர்கள் பல்மீது படலமாக ஒட்டிக்கொண்டு, நாம் உண்ணும் சர்க்கரையைத் தாமும் உண்டு, லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. படலத்தின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால், அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் ஹைட்ராக்சிலையும் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்கின்றன. லீ சாட்லியர் தத்துவப்படி சமநிலை குலைந்து, எனாமல் மேலும் மேலும் கரைகிறது. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் மீண்டும் படியச் செய்கிறது. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் மீள்வினை, நம் வாயிலேயே நாள்தோறும் பலமுறை நடந்துகொண்டிருக்கிறது. பற்பசையிலுள்ள புளோரைடு ஹைட்ராக்சிலின் இடத்தில் அமர்ந்தால் உண்டாகும் படிகம், பி.எச். 4.5 வரை தாங்கும். (புளோரைடும் அளவோடுதான் இருக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் அது மிகுந்து பற்கள் பழுப்பேறுவதை நாம் அறிவோம்.)

இந்நோய்க்குப் 'பூச்சிப்பல்' என்று நாம் பெயரிட்டிருக்கிறோம். புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று, உலகெங்கும் இருந்திருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் பியர் போஷார் 1728-இல் தம் நூலில் அதை மறுத்தார். பெர்லினில் ஆய்வு செய்த அமெரிக்கரான மில்லர், நுண்ணுயிரும் அமிலமுமே காரணம் என்பதை 1890-இல் விளக்கி நூல் எழுதினார். என் பாட்டி இதையெல்லாம் அறியார். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொல்வார். வலி சற்றே அடங்கும், சொத்தை அடங்காது.

சர்க்கரையைப் பற்றி எழுதிவிட்டுப் பால்கோவாவைப் பற்றி எழுதாமல் விட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர்கள் சும்மா விடமாட்டார்கள்! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேராதது. பாலில் பல்லுக்கு வேண்டிய கால்சியமும் உண்டு. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே இங்கு முக்கியம். ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போன இடத்தில் கால் கிலோவை ஒரே மூச்சில் தின்று வாயைக் கொப்பளித்தவனுக்கு வருவது வயிற்று வலியாக இருக்கலாம். அதே கால் கிலோவைப் பொட்டலத்தில் வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் விரலால் எடுத்து நக்குபவனுக்குத்தான், உமிழ்நீர் அமிலத்தைத் தணிப்பதற்குள் அடுத்த அமிலம் வந்து சேர்கிறது. தறிக்கூடத்திலும் மில்லிலும் இரவு ஷிப்டு பார்ப்போர் தூக்கம் வராதிருக்க அடிக்கடி குடிக்கும் சர்க்கரைத் தேநீரும் இதே கணக்கில்தான் சேரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அத்தைக்குச் சொத்தை ஒன்றுகூட இல்லை. ஆயினும் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. படலம் நாட்பட்டால் காரையாக இறுகிவிடும். பிறகு எந்தத் தூரிகைக்கும் அது அசையாது. ஈறு வீங்கும், இரத்தம் கசியும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது விரைந்து முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. அத்தைக்கு நீரிழிவு. காரையை எடுத்தால் பல் ஆடும் என்று அஞ்சியே அவர் பத்து ஆண்டுகளைப் போக்கிவிட்டார். காரை பல்லைத் தாங்குவதாகத் தோன்றுவது, செல் அரித்த தூணைச் சுண்ணாம்புப் பூச்சு தாங்குவதாக எண்ணுவது போன்றதே. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது இன்னொரு அச்சம். பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

இனி என் தந்தையாரைப் பற்றி. என் பல்லுக்காக மருத்துவமனைக்குச் சென்றபோது, அவரும் தம் வாயைக் காட்டட்டும் என்று மருத்துவர் சொன்னார். "வலிக்காத பல்லுக்கு எதுக்குடா டாக்டரு?" என்று என்னிடம் முணுமுணுத்துக்கொண்டேதான் வாயைத் திறந்தார். இரவுத் தறியில் கண் அயராதிருக்க, வெற்றிலை பாக்கோடு புகையிலையை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வது அவருடைய நெடுநாள் வழக்கம். மருத்துவர் பல்லைப் பார்த்ததைவிட அந்தக் கன்னத்தைப் பார்த்ததுதான் அதிக நேரம். சிறு கண்ணாடியைத் திருப்பி எனக்கும் காட்டினார். உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு வெள்ளைத் திட்டு. வலியில்லை, எரிச்சலில்லை, தடவினால் போகவுமில்லை. மதுரைக்கு அனுப்பிச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனால் விட்டால் புற்றுநோயாக மாறக்கூடிய திட்டு என்றும், புகையிலையை அன்றே விட வேண்டும் என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். புகையிலை மட்டுமன்று, வெறும் பாக்கும் புற்றுநோய் தருவதே என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. மெல்லும்போது நம்மில் யார் அதை நினைக்கிறோம்?

எல்லாரும் மூன்று மாதத்துக்கொரு முறை ஓட வேண்டியதில்லை. ஆறு மாதக் கணக்குகூட எல்லார்க்கும் பொதுவான விதியன்று. பிரிட்டனில் 2004-இல் வெளியான தேசிய வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு அவரவர் நிலைக்கேற்ப 3 மாதம் முதல் 24 மாதம் வரையிலும், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு மிகுதியாகப் போனால் 12 மாதமும் இடைவெளி வைத்தது. எத்தனை மாதம் என்பதைச் சோதித்துப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்; அதற்கேனும் ஒருமுறை போயாக வேண்டும் அல்லவா? பள்ளிப் பருவத்தில், 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுவினர் வகுப்பறைக்கே வந்து பல்லையும் பார்க்கிறார்கள். பதினெட்டு வயதோடு அது முடிந்துவிடுகிறது. கல்லூரிக்கு வந்த நம்மிடம் வாயைத் திற என்று சொல்ல யாருமில்லை. நாமாகத்தான் போய் நிற்க வேண்டும். தொடக்க நிலைச் சொத்தையை அடைக்க ஆகும் செலவு சில நூறு ரூபாய். கூழ்ப்பகுதியை எட்டிய பிறகு வேர்ச் சிகிச்சைக்குத் தனியாரிடம் ஆயிரக்கணக்கில் ஆகும். அரசு மருத்துவமனையில் அந்தச் செலவு இல்லை. ஆனால் எங்களைப் போன்ற நெசவுக் குடும்பத்துக்கு உண்மையான செலவு சிகிச்சைக் கட்டணம் அன்று, ஒருநாள் கூலி. தறி நின்றால் கூலி நின்றது. வாரக் கணக்கில் சீட்டுக் கட்டும் வீட்டில் 'வலிக்காத பல்'லுக்காக அதை இழக்கச் சொல்வது எளிதன்று என்பதை நான் அறிவேன்.

தந்தையார் புகையிலையை விட்டு ஓராண்டும் நான்கு மாதமும் ஆகின்றன. நடுவில் இருமுறை மீண்டும் வாங்கினார். இருமுறையும் என் தாயார் பொட்டலத்தைக் கண்டுபிடித்து அடுப்பில் போட்டார். திட்டு சற்றே சுருங்கியிருப்பதாகச் சென்றமுறை சொன்னார்கள். அடுத்த தேதி பொங்கல் கழிந்த வாரத்தில் வருகிறது. அன்று அவருடைய தறியை என் தாயார் ஓட்டுவதாக ஏற்பாடு. உடன் போகிறவன் நான். போன கையோடு என் வாயையும் காட்டிவிட்டு வருவேன்.